வரியில் வராத வீடு

காஞ்சிபுரம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு எது ஞாபகம் வரும் என்று கேட்கவே வேண்டாம். முதலில் பட்டுப் புடவை, அப்புறம் காமாட்சியம்மன், கொஞ்சம் பசி எடுத்தால் கோயில் இட்லி. கம்ப்யூட்டர் ஞாபகம் யாருக்கும் வராது. எனக்கும் வந்ததில்லை. தீபாவளி மலருக்குப் பட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி ஆசிரியர் என்னை அங்கே அனுப்பினார். நாலு பக்கத்துக்குச் சரக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது நான் சொல்லப்போவது அதில் அடங்காத வேறொரு சமாசாரம். கோடிக்கணக்கான எண்களை, அவற்றைத் தாங்கச் சக்தியில்லாத ஒரு சின்ன மெஷினுக்குள் எப்படி அடைப்பது என்பதுதான் அது. "இதெல்லாம் நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த எண்களுக்குள் நம் வீட்டு உப்பும் புளியும் இருக்கின்றன.

எப்படி என்று கேட்பீர்கள். 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை மத்திய அரசாங்கம் நாடு முழுவதும் குடும்பச் செலவுக் கணக்கு ஒன்றை எடுத்தது. அதற்கு முன் வெளியான கணக்கு 2011-12-ஆம் வருஷத்தது. பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி. இந்தத் தடவை 2,61,746 குடும்பங்களை மூன்று மூன்று முறை போய்ப் பார்த்து, அரிசியிலிருந்து அலமாரி வரை 405 பண்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "போன மாதம் எத்தனை லிட்டர் பால் வாங்கினீர்கள்?" என்று ஒருவர் வாசலில் வந்து நின்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்! நம் ஜனங்கள் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் கூட்டிக் கழித்து, தமிழ்நாட்டில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் சராசரி 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய் என்று 2024-இல் அறிவித்தார்கள். பத்திரிகையில் அந்த இரண்டு எண்களைத்தான் நாம் பார்த்தோம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மூலக் கணக்கையும், பேரும் கதவிலக்கமும் நீக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம் என்று கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் காஞ்சிபுரத்தில் ஒரு பெண் எடுத்து வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தாள்.

அவள் எனக்கு அந்நியமல்ல. என் ஒன்றுவிட்ட அக்காள் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக் கூடத்தில் தறி. அத்தானும் அக்காளுமாக நெய்கிறார்கள். அவர்கள் மகள் பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு ஆராய்ச்சி செய்கிறாள். நெசவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். மாதக் கடைசிக்குள் ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் உதவித் தொகை தொடரும். கையில் இருப்பதோ அவள் அண்ணன் கழித்துக் கொடுத்த பழைய லாப்டாப். அதன் ஞாபகசக்தி 4 ஜி.பி.

"சித்தி, இதைப் பாருங்களேன். பைலைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. காலையிலிருந்து நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டுவிட்டேன்" என்றாள்.

அவள் உபயோகித்த புள்ளிவிவர மென்பொருளுக்கு 'ஆர்' என்று பெயர். ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். நியூசிலாந்தில் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களில் உண்டாக்கியது. இருவர் பெயருக்கும் முதல் எழுத்து ஒன்றே. (நம் கிராமத்துப் பாட்டிமார் "ஆர் அது?" என்று கேட்பார்களே, அந்த 'ஆர்' அல்ல.) காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் ஏழை மாணவர்களுக்கு அது காமதேனு. ஆனால் காமதேனுவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் முழுவதையும் முதலில் மெமரிக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டால்தான் அதற்கு வேலை ஓடும்.

மெமரி என்றால் என்ன? சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மேடை இருக்கிறது, பரணும் இருக்கிறது. பரணில் எவ்வளவு மூட்டை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். அங்கே நின்று சமைக்க முடியாது. சமைக்க வேண்டுமானால் சாமானை இறக்கி மேடையில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டரின் டிஸ்க் பரண், மெமரிதான் மேடை. மேடை நிறைந்துவிட்டால் மெஷின் என்ன செய்கிறது என்றால், மேடையில் இருப்பதில் கொஞ்சத்தைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டு, வேறு கொஞ்சத்தை இறக்குகிறது. அடுத்த நிமிஷம் ஏற்றியதே வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் ஏணியில் ஏறி இறங்கினால் சமையல் எப்போது ஆவது? அந்த லாப்டாப் நின்றுவிடவில்லை. ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவளும் நானும் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். பண்டங்களைப் பற்றிய பட்டியலில் ஒரு வீடு வாங்கிய ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வரி. (கட்டுகிற வரி அல்ல, எழுதுகிற வரி.) வீட்டுக்கு ஐம்பது பண்டம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கோடியே முப்பது லட்சம் வரி. வரிக்கு இருபத்தைந்து பத்தி. ஒவ்வோர் எண்ணையும் 'ஆர்' சாதாரணமாக எட்டு பைட் இடத்தில் வைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 260 கோடி பைட், அதாவது 2.6 ஜி.பி. மெஷின் தன் சொந்தக் காரியங்களுக்கென்று 4 ஜி.பி.யில் பாதியை முன்னாலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறது. போதாததற்கு, பட்டியலில் ஏதாவது திருத்தம் செய்யச் சொன்னால் பல சமயம் 'ஆர்' இன்னொரு நகலும் எடுத்துக்கொள்ளும். ரசத்துக்கு உப்புப் போட ஒவ்வொரு தடவையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிற மாட்டுப்பெண் மாதிரி.

"புது மெஷின் வாங்கிவிடேன்" என்று சொல்வது சுலபம். அவளுக்கு யோசனை சொன்ன பெரியவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்களாம். தறியின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எத்தனை புடவை இறங்கினால் அந்த விலை கூடும் என்று நான் கேட்கவில்லை.

தறியைப் பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். கரையிலே போகிற அன்னமும் யாளியும் முழுசாக எங்கேயும் இல்லை. ஓர் அட்டை வருகிறது, துளை இருக்கும் இடத்தில் இழை தூக்குகிறது, நாடா ஓடுகிறது, அட்டை நகர்ந்துவிடுகிறது. நெய்தது படமரத்தில் சுருண்டுகொள்கிறது. ஆறு கஜப் புடவையில் அக்காள் கண்ணெதிரே எப்போதும் இருப்பது ஒரு முழம்கூட இல்லை. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் செய்த ஏற்பாடு இது. துளையிட்ட அட்டையைக் கொண்டே அமெரிக்காவில் ஹாலரித் என்பவர் 1890-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை மெஷினில் எண்ணினார். ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றாக உள்ளே போகும். எண்ணும் முள் நகரும். அட்டை வெளியே வந்துவிடும். நம் தேசத்தில் பேராசிரியர் மகலனோபிஸ் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்தாரே, அந்தக் காலத்திலும் இதே அட்டைதான். தேசம் முழுவதையும் மேடையில் பரப்பி வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட்டதில்லை.

அவளுக்கும் இது தெரியாமல் இல்லை. பாடத்தில் படித்திருக்கிறாள். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து செய்ய, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் உட்கார்ந்தேன்.

முதல் காரியம், வேண்டாத பத்திகளை உள்ளேயே விடாமல் இருப்பது. எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அப்புறம் களைவதில் பிரயோஜனம் இல்லை. மேடை அதற்குள் நிறைந்துவிடும். வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கென்று சௌகரியம் இருக்கிறது: இன்ன இன்ன பத்தியை மட்டும் படி என்று சொல்லிவிடலாம். அடுத்தது, குடும்பத்தின் அடையாளம். மாநிலம், மாவட்டம், வட்டாரம், வீட்டின் வரிசை எண் என்று எல்லாம் சேர்ந்த நீளமான எண் கோவை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஐம்பது வரியிலும் அதுவே ஐம்பது தடவை. இங்கே அவள் செய்த யுக்தியை நான் மிகவும் ரசித்தேன். நம் வண்ணார் துணியில் குறி போடுவாரே, அதைப்போலச் செய்தாள். அவர் நம் விலாசத்தையா துணியில் எழுதுகிறார்? மூலையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு. விலாசம் அவர் மனசில் இருக்கிறது. அதேபோல ஒன்று முதல் 2,61,746 வரை வீட்டுக்கு ஒரு குறி எண். மாவட்டம், தொழில் முதலான விவரமெல்லாம் தனியாக ஒரு சின்னப் பட்டியலில், வீட்டுக்கு ஒரே வரியாக. பெரிய பட்டியலில் குறி எண், பண்டத்தின் எண், தொகை என்று மூன்றே பத்தி. இவையெல்லாம் முழு எண்களாதலால் எட்டு பைட்டுக்குப் பதில் நாலு பைட் போதும். 260 கோடி பைட், 15 கோடியே 60 லட்சமாகச் சுருங்கிவிட்டது. கிட்டத்தட்டப் பதினாறில் ஒரு பங்கு!

இந்தச் சுருக்கத்தைச் செய்வதற்காவது ஒரு தடவை முழுவதையும் படித்தாக வேண்டுமே? படித்தாள், தவணை முறையில். ஐந்து லட்சம் வரி வீதம் இருபத்தாறு, இருபத்தேழு தவணை. ஆட்டுக்கல்லில் ஒரு படி அரிசியையும் ஒரேயடியாகக் கொட்டி யாராவது அரைப்பார்களா? கைப்பிடி கைப்பிடியாகத்தானே தள்ளுகிறோம். சராசரிக்கு இந்த முறை மிகவும் தோது. ஒவ்வொரு தவணையிலும் மொத்தத் தொகை, எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம். கடைசியில் வகுத்தால் சராசரி வந்துவிடும். ஆனால் 'மீடியன்' என்று ஒன்று உண்டு. எல்லா வீடுகளையும் செலவு வாரியாக வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கிற வீட்டின் செலவு. அதைத் தவணை முறையில் ஒட்டுப்போட முடியாது. இருபத்தாறு தவணைகளின் நடு எண்களைக் கொண்டு முழுப் பட்டியலின் நடு எண்ணைச் சொல்லிவிட முடியாது. அது அப்படியே நின்றது.

(பட்டியலைப் பரணிலேயே விட்டுவிட்டு, "இன்ன மாவட்டம், இன்ன பண்டம், கூட்டிக் கொடு" என்று சீட்டு எழுதி அனுப்பினால் விடையை மட்டும் இறக்கித் தருகிற மென்பொருள்களும் உண்டு. எஸ்.க்யூ.லைட், டக்.டி.பி. என்று பெயர்கள். மளிகைக் கடைக்குச் சீட்டு அனுப்புவதைப் போலத்தான். அதையும் அவள் பழகிக்கொண்டு வருகிறாள்.)

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவள் தோழி ஒருத்தி போனில் வேறொரு யோசனை சொன்னாள். "எதற்கு இவ்வளவு கஷ்டம்? பத்தில் ஒரு வீட்டைக் குலுக்கலில் எடுத்துக்கொண்டு செய்." குலுக்கலுக்குக் காஞ்சிபுரம் ஜில்லாவில் பஞ்சமா? பக்கத்திலேயே உத்தரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. முப்பது குடும்புகள். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு நேர்மையான குலுக்கல்! பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவர் பெயர் ஓலைக்கே வராது. குடத்துக்குள் போகாத ஓலை எந்தச் சிறுவன் கையிலும் அகப்படப் போவதில்லை.

இவள் விஷயத்தில் குலுக்கல் எப்படி உதவும்? தேசத்தில் எழுநூறுக்கு மேல் மாவட்டங்கள். 2,61,746 குடும்பங்களைப் பங்கிட்டால் மாவட்டத்துக்குச் சராசரி முந்நூற்றைம்பது, நானூறு கூட வராது. பத்தில் ஒன்று எடுத்தால் முப்பத்தைந்து வீடு. அதில் தறி உள்ள வீடு எத்தனை மிஞ்சும்? தேசத்துக்கே ஓர் எண் வேண்டுமென்றால் குலுக்கல் பிரமாதமான வழி. நெசவாளர் வீட்டைத் தேடுகிறவளுக்கு அது வைக்கோற்போருக்குத் தீ வைத்துவிட்டு ஊசியைத் தேடுவது. அவளே சிரித்துக்கொண்டு வேண்டாமென்றுவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் விடை வந்தது. நெசவுத் தொழில் செய்யும் குடும்பங்களை மட்டும் பொறுக்கி, அவற்றில் புடவைக்கான வரிகளை மட்டும் எடுத்து, வருஷத்துக்குச் சராசரி எவ்வளவு என்று பார்த்திருந்தாள். தொகையைச் சந்தோஷமாக உரக்கப் படித்தாள். அந்தத் தொகை என்னவென்று இங்கே நான் எழுதப் போவதில்லை. ஏன் என்று இதோ தெரிந்துவிடும்.

அக்காள் தறியிலிருந்தபடியே சிரித்தாள். "ஏண்டி, வருஷத்துக்கு அவ்வளவு ரூபாய்க்கா நாங்கள் புடவை எடுக்கிறோம்? இந்தத் தெருவிலே எதிர் வீட்டிலே போன வருஷம் எடுத்தார்களா? கோடி வீட்டிலே எடுத்தார்களா? நம் வீட்டிலே எடுத்தோமா? பெட்டியிலே இருக்கிறதைக் கட்டிக்கொண்டு வருஷத்தை ஓட்டுகிறோம். உன் மெஷின் எந்த ஊர்க் கணக்கைச் சொல்லுகிறது?"

பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. "அம்மா, அரசாங்கக் கணக்கு அம்மா இது!" என்றாள். பிறகு பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். "வரியே இல்லை, சித்தி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் காகிதத்தில் பத்து வீடு வரைந்து காட்டினாள். மூன்று வீட்டில் ஆளுக்கு 6,000 ரூபாய்க்குப் புடவை எடுத்திருக்கிறார்கள். ஏழு வீட்டில் எடுக்கவில்லை. பட்டியலில் எத்தனை வரி இருக்கும்? மூன்றுதான். வாங்காத பண்டத்துக்கு வரி கிடையாது; பூஜ்யம் என்றுகூட எழுதியிருக்காது. புடவை வரிகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் மூன்று வரி, 18,000 ரூபாய், சராசரி 6,000. உண்மையிலோ 18,000-த்தைப் பத்து வீட்டுக்கு வகுக்க வேண்டும், 1,800. இடத்தைச் சிக்கனம் பண்ணுவதற்காகப் புடவை வரியைத் தவிர மற்றதையெல்லாம் வாசலில் நிறுத்தினபோது, புடவை வாங்காத வீடுகளும் வாசலிலேயே நின்றுவிட்டன. மெஷின் பெரியதாக இருந்திருந்தாலும் இந்தப் பிசகு நேர்ந்திருக்கலாம்தான். ஆனால் கொஞ்சமான இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஓயாமல் எதையாவது கழித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகையால் அவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மெஷின் ஆட்சேபிக்காது. கொடுத்ததை வகுத்துத் தரும்.

நல்லவேளையாக, வீட்டுக்கு ஒரு வரியாக வைத்திருந்த அந்தச் சின்னப் பட்டியல் இருந்தது. வாங்கினவர், வாங்காதவர் எல்லோரும் அதில் உண்டு. பெரிய பட்டியலைக் குறி எண் வாரியாகக் கூட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் புடவைக்கு எவ்வளவு என்று ஒரே தொகையாக்கினாள். அதைச் சின்னப் பட்டியலோடு பொருத்தினாள். பொருந்தாத வீடுகளில் எல்லாம் பூஜ்யம் எழுதினாள். மாதிரிக்கு எடுத்த ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்ணும் அந்தச் சின்னப் பட்டியலிலேயே இருக்கிறது. அதையும் கொண்டு பெருக்கி, பிறகு வகுத்தாள். தொகை மளமளவென்று இறங்கிவிட்டது. இந்தத் தடவை அக்காள் சிரிக்கவில்லை. "ஆங்" என்று சொல்லிவிட்டு நாடாவை ஓட்டினாள்.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரு கோடி முப்பது லட்சம் வரி இருந்த இடத்தில் இப்போது 2,61,746 எண்கள்தான். எட்டு பைட் வீதம் வைத்தாலும் 21 லட்சம் பைட். போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவு. மத்தியானம் தவணைக்குள் அடங்காமல் நின்ற மீடியனை இப்போது எந்தக் கிழட்டு மெஷினும் கணக்கிட்டுவிடும். முதலில் வீட்டுக்கு ஒன்றாகச் சுருக்கு, அப்புறம் வரிசையில் நிறுத்து, அவ்வளவுதான் விஷயம். பத்து வீட்டில் ஏழு வீடு வாங்கவில்லையென்றால் நடு வீட்டின் எண் பூஜ்யமாகவே வரும் என்பதையும் அவள் கண்டுகொண்டாள். ஆகையால் அத்தியாயத்தில் ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண்களைப் போடுவதென்று தீர்மானித்தாள்: நூற்றுக்கு எத்தனை வீடு வாங்கியது, வாங்கின வீட்டில் எவ்வளவு, எல்லா வீட்டுக்குமாக எவ்வளவு.

"அந்தக் கணக்கிலே நம் வீடும் இருக்குமாடி?" என்று அக்காள் இரவு சாப்பாட்டின்போது கேட்டாள்.

"பேர் இல்லையே அம்மா, தெரியாது. ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடுகூட எடுக்கவில்லை."

"வந்து கேட்டிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்குமே" என்றாள் அக்காள்.

அரிசி, பால், பள்ளிக்கூடச் சம்பளம், வைத்தியம் என்று இன்னும் பல பண்டங்கள் பாக்கி இருந்தன. ஒவ்வொன்றையும் இதே மாதிரி பூஜ்யம் எழுதிச் செய்தாக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு மெஷினை ஓடவிட்டுவிட்டுப் படுத்தாள். அடியில் காற்றுப் போவதற்காக இரண்டு காலி ஊடைக் குழல்களை முட்டுக் கொடுத்திருந்தாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அத்தியாயம் போய்ச் சேர்ந்துவிட்டதாக எனக்குப் போன் செய்தாள். உதவித் தொகைதான் இன்னும் வரவில்லையாம்.